கடைக் கணக்கு எத்தனை இடத்தில் இருக்கிறது?

சிறு வணிகம் நடத்தும் குடும்பங்களில் கணினிப் பிரிவு என்று தனியாக எதுவும் கிடையாது. பிரிண்டர் நின்றாலும் கைப்பேசி முடங்கினாலும் வீட்டிலுள்ள ஐந்தாம் படிவ மாணவரையோ பாலிடெக்னிக்கில் படிப்பவரையோதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடப்படுபவர் நீங்கள் என்றால், புதிய செயலி எதையும் பரிந்துரைக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். கடையின் விலைப்பட்டியல்களும் வாடிக்கையாளர் விவரங்களும் எத்தனை இடத்தில் இருக்கின்றன?

பெரும்பாலும் ஒரே மடிக்கணினியில் இருக்கும். இல்லையென்றால் முதலாளியின் கைப்பேசியில்.

மலேசியாவில் வணிகப் பதிவேடுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். மடிக்கணினி அத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வட்டாரம் நீரில் மூழ்கியது நினைவிருக்கும். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் மேசை மேலுள்ள கணினியும் அதே மேசையின் இழுப்பறையில் வைத்த விரலியும் சேர்ந்துதான் நனையும். நகல் இருந்தும் இல்லாத கதைதான்.

இதற்கு 3-2-1 என்றொரு எளிய விதி உண்டு. இதைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர். எடுத்த படங்களை இழக்கும் பயம் அவருக்குத் தெரியாதா என்ன? கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். கடைக் கணினி, வாரம் ஒருமுறை நகலெடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வன்தட்டு, இணையச் சேமிப்பகம். சிறு கடைக்கு இவ்வளவு போதும்.

"கூகல் டிரைவில்தான் எல்லாம் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. கணினியோடு ஒத்திசைந்து இயங்கும் சேமிப்பகம் கண்ணாடி மாதிரி. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். ஆண்டு இறுதியில் கணக்காய்வாளர் கேட்கும்போதுதான் மார்ச் மாதக் கோப்பு இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது?

வன்தட்டை எப்போதும் கணினியில் செருகியே வைப்பதும் ஆபத்துதான். 2017 மே மாதம் 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கிய ‘வானாக்ரை’ போன்ற பிணைத்தொகை நச்சுநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டுகளையும் சேர்த்தே பூட்டிவிடும். நகலெடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு, மென்பொருள் உருவாக்குநர்களுக்குச் சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனம் நல்ல சான்று. 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், வேறொரு சர்வர் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் நிறுத்தியும், ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் சில ஜிகாபைட்டே மிஞ்சியது. காப்புநகலுக்கு ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஆபத்து வேளையில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. அன்றாட நகல் வேலை தோல்வியடைந்துகொண்டிருந்தது. அதை எச்சரிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூப்பில் நேரலையாகக் காட்டியதற்காக அவர்களைப் பாராட்டலாம்.

இன்னொன்று. கடையின் மின்னஞ்சலும் இணையச் சேமிப்பகமும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பல இடங்களில் அவை பழைய ஊழியரின் சொந்த முகவரியில் இருக்கும். அவர் வேலையை விட்டால் கணக்கும் கூடவே போகும். வெளியூரில் படிக்கப் போகும் நீங்களே அந்த ‘ஊழியர்’ ஆகிவிட வேண்டாம். கடை பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, இரட்டை உறுதிப்பாட்டை இயக்கி, மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதை வீட்டு மனைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்வார். அதைவிடப் பத்திரமான இடம் வேறு இல்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். "போன தீபாவளிக்கு நம்மிடம் அதிகமாக வாங்கியவர் யார்?" என்று அப்பாவிடம் கேளுங்கள். கடைக் கணினியைத் தொடாமல், வீட்டிலுள்ள வன்தட்டிலிருந்து அந்த விலைப்பட்டியலைத் திறந்து காட்டப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், அன்று மாலையே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி நகலெடுக்க வேண்டியதுதான்.