வெட்டாமல் வாசிப்போம்



உப்பளங்கள் சூழ்ந்த ஆறுமுகநேரியில் இந்த நினைவுப் பேருரையை நிகழ்த்த வாய்ப்பளித்த இலக்கிய அமைப்பினருக்கு நன்றி. வேதாகமத்தை முழுவதுமாக ஏற்பது என்றால் என்ன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பிடித்த வசனங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடந்துபோகும் பழக்கம் நம்மிடையே எப்படி வேலை செய்கிறது, அதனால் யாருக்கு இழப்பு என்று பார்ப்போம்.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஆசீர்வாதம், பாதுகாப்பு, உயர்வு பற்றிய வசனங்களே பெரும்பாலும் அதில் இருக்கும். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்த செல்வர்களைக் கண்டிக்கிறது யாக்கோபு 5:4. பாத்தியில் உப்பு வாருகிறவர்களின் வீட்டுச் சுவரில் கூட அந்த வசனம் தொங்குவது அரிது. அட்டை அச்சடிப்பவருக்குத் தீய நோக்கம் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற தேர்வு யாரோ ஒருவருக்கு வசதியாகத்தான் முடிகிறது.

இந்தத் தேர்வைக் கத்தரிக்கோல் கொண்டு செய்த ஒரு புத்தகம் உண்டு. 1807இல் லண்டனில் அச்சிடப்பட்ட அதை ‘அடிமை பைபிள்’ என்று இன்று அழைக்கிறார்கள். பிரிட்டனின் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். இதில் இருந்தவை 232 மட்டுமே. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதை இல்லை. கிறிஸ்துவுக்குள் அடிமை, சுதந்திரன் என்ற பேதமில்லை என்னும் கலாத்தியர் 3:28 இல்லை. அடிமைகள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் எபேசியர் 6:5 பத்திரமாக இருந்தது.

தமிழில் அப்படி யாரும் பக்கங்களை வெட்டவில்லை. இங்கே வெட்டு காதில் நடந்தது. யாக்கோபு 2ஆம் அதிகாரம், சபைக்கு வரும் பணக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதைப் பாவம் என்கிறது. அந்த வசனம் கையில் இருந்தபோதே நம் பழைய திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கிளைகளாகப் பிரியும் கோயில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஒரு கிளையில் வெள்ளாளர், சாதியில் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட நாடார் முதலியோர் மறு கிளையில், நடுவே சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். யாக்கோபின் நிருபம் சொன்னதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சுவர் போனாலும் சாதி போகவில்லை. தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

ஆதிக்கச் சாதியாரின் வெட்டைக் காட்டுவது நமக்கு எளிது. நம்முடைய வெட்டைப் பற்றியும் பேச வேண்டும். எபேசியர் 6:5 வாசிக்கப்படும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அடிமைகளுக்கான அந்தக் கட்டளையும், மனைவிகள் கணவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் 5:22உம் ஒரே பட்டியலில் வருபவை. முன்னதை மேடையில் மறுத்துவிட்டு, பின்னதை வீட்டில் பிடித்துக்கொள்ளும் தலித் ஆண், எந்தக் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருக்கிறான்? யாத்திராகமமும் அப்படியே. விடுதலை பெற்ற மக்கள் அடுத்து யோசுவாவின் புத்தகத்தில் கானானியரின் ஊர்களை அழித்து நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நிலம் பறிக்கப்பட்டவர்களாகிய நாம் அந்தக் கதையில் யார் பக்கம் நிற்கிறோம் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

வலியால் வெட்டியவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹவர்ட் தர்மனின் பாட்டி அடிமையாக வாழ்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரனை வேதம் வாசிக்கச் சொல்லும்போது பவுலின் நிருபங்களை வாசிக்க விடமாட்டார். கொரிந்தியரில் வரும் அன்பின் அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது விலக்கு உண்டு. எஜமானின் போதகர் திரும்பத் திரும்பப் பவுலைக் காட்டி அடிமைகளைக் கீழ்ப்படியச் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவருடைய மறுப்பையும் 1807ஆம் ஆண்டுப் பதிப்பையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். ஒன்று காயம்பட்டவர் தன்னைக் காத்துக்கொண்டது. மற்றது காயப்படுத்தியவரின் ஏற்பாடு. என்றாலும் நாம் வாசிக்காமல் விட்ட வசனம் மறைந்துபோவதில்லை. அது எதிராளியின் கையில் ஆயுதமாக மிஞ்சுகிறது.

அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இதைத்தான் இந்து சீர்திருத்தவாதிகளுக்குச் சொன்னார். சாஸ்திரங்கள் உண்மையில் சாதியைச் சொல்லவில்லை என்று நல்ல பொருள் கற்பிப்பதால் பயனில்லை. மக்கள் அவற்றை எப்படிப் புரிந்துகொண்டு நடக்கிறார்கள் என்பதே முக்கியம் என்றார். அந்தச் சோதனைக்கு வேதாகமத்தையும் உட்படுத்தும் துணிவு கிறிஸ்தவத் தலித்துகளுக்கு வேண்டும்.

அப்படியானால் முழு வேதத்தையும் ஏற்பது என்பது எல்லா வசனத்துக்கும் கீழ்ப்படிவதா? நான் சொல்வது வேறு. எந்த வசனத்தையும் ஒளிக்காமல், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது. எபேசியர் 6:5ஐச் சொல்பவரிடம், எஜமானர்கள் மிரட்டலை விட வேண்டும், பரலோகத்தில் பட்சபாதமில்லாத ஓர் எஜமான் உண்டு என்னும் 6:9 வரை வாசிக்கச் சொல்வது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கலாத்தியரில் ‘அடிமை’ என்று வரும் கிரேக்கச் சொல்லான ‘டூலோஸ்’தான் எபேசியரில் ‘வேலைக்காரர்’ என்று மென்மையாகிவிட்டது. அதைக் கண்டுகொள்வதும் இந்த வாசிப்பில் சேர்ந்ததே. கசப்பான வசனத்துக்குச் சர்க்கரை பூசினால், அதை எதிர்க்கும் வழியும் அடைபடுகிறது. பிலேமோன் நிருபத்தில் பவுல் ஒநேசிமுவை அவனுடைய எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்றும் கேட்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பவுல் எவ்வளவு தூரம் வந்தார், எங்கே நின்றுவிட்டார் என்று தெரியும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வேதபாடக் கூட்டத்தில் யாக்கோபு நிருபத்தின் ஐந்து அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். பெண்களும் உப்பளத் தொழிலாளரும் முதலில் பேசட்டும். எந்த வசனத்தில் கூட்டம் அமைதியாகிறது, யார் பேச்சை மாற்றுகிறார் என்று கவனியுங்கள். நம் ஊர் எந்த வசனத்தை இத்தனை காலம் வெட்டிவைத்திருந்தது என்று அங்கே தெரிந்துவிடும். அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.