போட்டோ சூப்பர்தான்... ஆனா, அது கூகுளுக்குப் புரியணுமே!

2000 பிப்ரவரியில் நடந்த கிராமி விருது விழாவுக்கு, பாடகி ஜெனிஃபர் லோபஸ் பச்சை நிற வெர்சாச்சே கவுனில் வந்தார். அந்த உடையைப் பார்க்க கூகுளில் ஏகப்பட்ட பேர் தேட, கிடைத்ததோ வெறும் எழுத்தாக லிங்க்குகள்தான். 'மக்களுக்கு வேண்டியது படம்' என்று கூகுளுக்குப் புரிந்தது. 2001 ஜூலையில் 'கூகுள் இமேஜஸ்' அறிமுகமானது.

இன்று சேலை முதல் சோபா வரை பலரும் படம் பார்த்துதான் தேடுகிறார்கள். சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்து, வீட்டிலிருந்தே மதுரை சுங்குடிச் சேலை விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்டோவெல்லாம் பளிச்சென்று இருக்கு. ஆனா, தேடுறவங்க கண்ணில் படலையே... ஏன்?

படத்தில் இருப்பது சேலை என்பதை கூகுள் ஓரளவு கண்டுபிடித்துவிடும். ஆனால் அது கையால் முடிச்சுப் போட்டு சாயம் ஏற்றியதா, வெறும் பிரின்ட்டா? அதை நீங்கள்தான் சொல்லணும். அந்த உழைப்புக்கான விலையே அந்த வார்த்தையில்தான் இருக்கு!

சரி, என்ன செய்யலாம்?

பெயர் வையுங்கள்: போனில் எடுத்த படம் 'ஐஎம்ஜி 2047' மாதிரி ஒரு பெயரில்தான் சேவ் ஆகியிருக்கும். அப்லோடு செய்யும் முன், 'மதுரை-சுங்குடி-சேலை-மெரூன்' என மாற்றிவிடுங்கள். வார்த்தைகளுக்கு நடுவே சின்னக் கோடு போடுவது நல்லது.

ஆல்ட் டெக்ஸ்ட்: படத்தை விவரிக்கும் வரி இது. படத்தை அப்லோடு செய்யும் இடத்திலேயே பெரும்பாலும் இதற்கும் ஒரு கட்டம் இருக்கும். 'கையால் முடிச்சுப் போட்டு சாயமேற்றிய, வெள்ளைப் புள்ளிகள் கொண்ட மெரூன் சுங்குடி காட்டன் சேலை' என்று எழுதினால் போதும். 'சேலை, காட்டன் சேலை, பெஸ்ட் சேலை' என்று அடுக்கினால் கூகுள் அதை ஸ்பேம் ஆகப் பார்க்கலாம். பார்வையற்றவர்களுக்கு ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டுவதும் இந்த வரியைத்தான். போனில் ஒருவருக்குச் சேலையை எப்படி விவரிப்பீர்களோ, அப்படியே எழுதுங்கள்.

எடையைக் குறையுங்கள்: ஒரு படம் 4 எம்.பி என்றால், பத்துப் படத்துக்கு 40 எம்.பி! பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரியணும் என்கிறது கூகுள். அகலத்தைச் சுமார் 1,200 பிக்சலாகக் குறைத்து, 'வெப்பி' ஃபார்மட்டில் சேமித்தால் சைஸ் நன்றாகவே குறையும். 'ஸ்கூஷ்' என்ற இலவச வெப்சைட்டிலேயே இதைச் செய்யலாம்.

படத்துக்குள் எழுதாதீர்கள்: விலை, துணி ரகம், துவைக்கும் முறை எல்லாவற்றையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மாதிரி போட்டோ மேலேயே எழுதுகிறோம். அதைப் படத்துக்குக் கீழே, பக்கத்திலேயே டைப் செய்யுங்கள். படத்தைப் புரிந்துகொள்ள, சுற்றியுள்ள எழுத்தையும் கூகுள் படிக்கிறது.

இதையெல்லாம் செய்தால் மறுநாளே முதலிடமா? அப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது. 'சேலை' என்ற ஒற்றைச் சொல்லில் பெரிய கடைகளோடு மோதுவது கஷ்டம். 'மெரூன் கைமுடிச்சு சுங்குடி' என்று தேடி வருபவர்தான் உங்கள் வாடிக்கையாளர். அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

மொத்தப் படங்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிகம் விற்கும் பத்து சேலைகளில் ஆரம்பியுங்கள். கூகுளின் இலவச 'சர்ச் கன்சோல்' பக்கத்தில், படத் தேடல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தனியாகவே பார்க்கலாம். சில வாரங்கள் கழித்து அந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, அடுத்த பத்துக்குப் போங்க!