புயல் போன பின் வந்த எமன்!

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் உள்ள நகரம் நியூ ஆர்லியன்ஸ். 2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி 'கத்ரீனா' புயல் அங்கே தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரில் 100-க்கு 80 பங்கு தண்ணீரில் மூழ்கியது.

காற்று ஓய்ந்தது. ஆனால் வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. சாக்கடையும் எண்ணெயும் அதில் கலந்தன.

சிறு கீறல் போதும்!

'விப்ரியோ' என்று ஒரு கிருமி. உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் வாழ்வது. காலில் சிறு கீறல் இருந்தாலும், அதன் வழியே உடலுக்குள் புகுந்துவிடும். புயலுக்குப் பிறகு சிலர் இந்தக் கிருமியால் மாண்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

மின்சாரம் இல்லாததால் பலர் ஜெனரேட்டர் ஓட்டினார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதுவும் சிலர் உயிரைக் குடித்தது.

வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவர்களில் பூசணம் படர்ந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

என்ன செய்யவேண்டும்?

காயத்தோடு வெள்ளத்தில் இறங்கக்கூடாது. இறங்க நேர்ந்தால், உடனே சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. வெளியே, கதவு, ஜன்னலிலிருந்து 20 அடிக்கு அப்பால் வைக்கவேண்டும். பூசணத்தைத் துடைக்கும்போது முகமூடி அணியவேண்டும்.