விறகின் இரண்டாம் பிறப்பு – 9: உலை விரும்பிய அரிவாள்

ஒரு சாண் நீளப் போத்தாக மண்ணில் ஊன்றப்பட்ட வில்லோ, மூன்று நான்கு வருஷங்களில் ஆறு மீட்டர் உயரம் எழும்பி, தூருக்குத் தூர் கழிகளாகப் புடைத்து நிற்கும் வரையிலுமுள்ள கதையைச் சென்ற வாரம் சொல்லி முடித்தோம். 1973-ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடிக்குப் பின்பு பேராசிரியர் குஸ்தாஃப் சிரேனும் அவரைச் சேர்ந்தவர்களும் வில்லோ மரத்தை விறகுப் பயிராக வளர்ப்பதற்குச் சுவீடன் தேசத்தில் மேற்கொண்ட ஆராய்ச்சி, 1990-களின் நடுவில் பதினாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களாக விரிந்ததையும் கண்டோம். அந்த வயல்களில் போத்துகளை இரண்டிரண்டு வரிசையாக, ஜோடிக்குள் 75 சென்டிமீட்டரும் ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே ஒன்றரை மீட்டரும் இடம் விட்டு நடுவதன் காரணத்தை மட்டும் இந்த வாரத்துக்கென்று நிறுத்தி வைத்திருந்தோம். செடிக்கு அதனால் விசேஷ லாபம் ஒன்றும் கிடையாது. நட்ட நாளிலிருந்து மூன்று நான்கு வருஷம் கழித்து வரப்போகிற இயந்திரம் ஒரு ஜோடி வரிசையைத் தன் வாய்க்குள் வாங்கிக்கொண்டு, சக்கரங்கள் இரண்டையும் இருபுறத்து இடைவெளிகளில் உருட்டிச் செல்ல வேண்டும் என்பதற்காகவே, இன்னும் பிறவாத அறுவடைக்கு இப்போதே பாதை ஒதுக்கி வைக்கிறார்கள்.

அறுவடைக்கு உரிய பருவம் கடுங்குளிர்காலம். இலைகள் உதிர்ந்து, அவற்றிலிருந்த சத்தில் ஒரு பங்கு வேருக்கும் கழிக்கும் திரும்பி, மற்றொரு பங்கு மண்ணிலே விழுந்து மக்கத் தொடங்கியிருக்கும் அந்தச் சமயத்தில் வெட்டினால் உலைக்குச் செல்வது வெறும் மரமாக இருக்கும்; வயலின் உரம் வயலில் தங்கும். மேலும் அந்த நாட்டுக் களிமண் நிலம் உறைந்து கட்டாந்தரையாகும் மாதங்களும் அவையே. பத்து டன்னுக்கு மேல் கனக்கும் இயந்திரமும், அதன் பக்கத்திலேயே நிறைபாரத்தோடு நகரும் டிராக்டரும் இளகிய சேற்றில் இறங்கினால் மண் இறுகிப்போவதோடு தூர்களும் நசுங்கும். கரும்பில் நாம் மறுதாம்பு விடுவதுபோலவே, வெட்டிய தூரிலிருந்து வசந்தத்தில் மறுபடியும் தளிர்க்கும் பயிர் இது. ஒரு முறை நட்டது இருபது இருபத்தைந்து வருஷம் வரையில் பலன் தர வேண்டும். ஆகையால் வெட்டு எவ்வளவு விரைவாக விழுகிறது என்பதைக் காட்டிலும், அடிக்கட்டை பிளவுபடாமலும் சிம்பு சிம்பாகக் கிழியாமலும் தரையிலிருந்து ஒரு சாணுக்குள்ளாகச் சுத்தமாக விழுகிறதா என்பதே குடியானவனின் கவலையாக இருக்கிறது.

முதலில் இந்தத் தொழிலுக்கென்றே தனி இயந்திரங்கள் செய்து பார்த்தார்கள். ஆயினும் நிலைத்து நின்றது, வேறொரு தொழிலுக்கென்று பிறந்து இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்த ஒரு ஜீவனேயாகும். ஜெர்மனியின் ஹார்ஸ்விங்கல் என்னும் ஊரில் இயங்கும் கிளாஸ் கம்பெனியார் மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளத்தையும் புல்லையும் நறுக்குவதற்குச் செய்த ஜாகுவார் என்ற இயந்திரத்தின் முகப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வில்லோவுக்கென்று அமைத்த வேறொரு முகப்பைப் பொருத்தினார்கள். அது வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கியே பார்க்க வேண்டும். தரையை ஒட்டி இரண்டு வட்ட ரம்பங்கள் படுக்கை வாட்டில் எதிரெதிராகச் சுழல்கின்றன. அவற்றுக்கு மேலே, ஆளுயரத்துக்கும் அதிகமான உயரத்தில், குறுக்காக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கழிகளின் இடுப்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளி வளைத்துக்கொண்டே வர, கீழே ரம்பம் பட்ட கணத்தில் அறுபட்ட அடிமுனை பின்னோக்கித் துள்ளி உருளைகளின் பிடியில் அகப்பட்டுக்கொள்கிறது. நுனி இன்னும் முன்னால் ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அடி உள்ளே போய்விடும். இப்படி அடியை முதலாகக் கொண்டு செல்வதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நுனியும் கிளையும் முதலில் புகுந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வாயை அடைத்துவிடும். உள்ளே கத்திகள் பதித்த பெரிய உருளையொன்று கழியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. மாட்டுத் தீவனம் பொடியாக இருக்க வேண்டும்; விறகோ சற்றுப் பருமனாக இருத்தல் நலம்; அதற்காக உருளையின் கத்திகளில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றிவிடுவது வழக்கம். நறுக்கிய சில்லுகள் நாரையின் கழுத்தைப் போல் வளைந்த குழாயின் வழியே பக்கத்து டிரெய்லரில் மழையாகப் பொழிய, நின்றிருந்த காடு ஒரே நடையில் எரிபொருளாகிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் ரம்பத்தில் மாத்திரம் இல்லை, பஞ்சாங்கத்திலும் இருக்கிறது. தீவனம் நறுக்கும் இயந்திரத்துக்கு வேலை கோடையிலும் அதை அடுத்த மாதங்களிலுந்தான். குளிர்காலம் முழுவதும் அது கொட்டகையில் சும்மா கிடக்கும். வில்லோவின் அறுவடையோ சரியாக அந்தச் சும்மா கிடக்கும் மாதங்களில் வருகிறது. பெரும் முதல் போட்டு வாங்கிய இயந்திரத்துக்கு முகப்பை மாற்றிய மாத்திரத்தில் இரண்டாவது ஜீவனோபாயம் கிடைத்துவிடுகிறது. வில்லோவுக்கென்றே பிறந்த இயந்திரங்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லாமற் போனது அவை மங்கியதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். பின்னால் நியூ ஹாலந்து கம்பெனியாரும், அமெரிக்காவின் சிரகியூஸ் நகரில் வில்லோ ஆராய்ச்சியில் ஊறிய நியூயார்க் மாகாணப் பல்கலைக்கழகத்து வனவியல் கல்லூரியாரும் சேர்ந்து செய்த முயற்சியும், தீவன இயந்திரத்துக்குப் புது முகப்பு மாட்டும் இந்த வழியையே பின்பற்றியது.

ஆனால் வெட்டிய அன்றைக்கு வில்லோவின் எடையில் ஏறக்குறைய சரிபாதி நீர். ஒரு கிலோ பச்சைச் சில்லில் அரைக் கிலோதான் மரம். அது எரிந்து ஒன்பது மெகாஜூல் அளவுக்கு உஷ்ணம் கொடுக்குமானால், மற்ற அரைக் கிலோவான நீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறுவதற்குள் அதில் ஒன்றேகாலைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு போய்விடும். அதையாவது சகிக்கலாம். குவியலாகக் கொட்டிவைத்த பச்சைச் சில்லோ, உலைக்குப் போகும் வரையில் சும்மா இருப்பதில்லை. நறுக்கிய மரத்தில் உயிரணுக்கள் இன்னும் சுவாசித்துக்கொண்டிருக்கின்றன. அறுபட்ட முகங்கள் எண்ணிறந்தன. பட்டையும் மொட்டுமாக நுண்கிருமிகளுக்கு விருந்து காத்திருக்கிறது. காற்று உள்ளே நுழைய வழியில்லை, உண்டான சூடு வெளியேறவும் வழியில்லை. சில நாட்களுக்குள் குவியலின் உட்புறம் ஐம்பது அறுபது டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறிவிடுகிறது. பனி மூடிய முற்றத்தில் அந்தக் குவியல் மாத்திரம் ஆவி விட்டுக்கொண்டு நிற்க, மண்வாரியால் ஒரு வாரு வாரினால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருப்பதும், கிளறியவுடன் அதன் வித்துக்கள் தூசியாக எழுந்து கிளறியவரின் நெஞ்சைக் கமறச் செய்வதும் தெரியும். மாதக் கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் மரத்தின் உலர்ந்த எடையில் ஐந்திலொரு பங்கு வரையில் யாருக்கும் பிரயோஜனமின்றிக் கரைந்துபோவதுண்டு.

இந்தக் கேட்டைத் தவிர்க்கும் உத்தேசத்துடன் எழுந்தவையே மற்ற இயந்திரங்கள். ஆஸ்திரேலியாவின் கரும்புச் சீமையான குவீன்ஸ்லாந்தில், பண்டபர்க் என்னும் ஊரில் கரும்பு வெட்டுவதற்கென்று பிறந்த ஆஸ்டாஃப்ட் இயந்திரத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்து, சுவீடனிலும் இங்கிலாந்திலும் வில்லோ வயல்களில் ஓட்டிப் பார்த்தார்கள். (நம் நாட்டுக் கரும்பு வயல்களில் இப்போது ஆள் பற்றாக்குறைக்கு ஈடாக இறங்கியிருக்கும் இயந்திரங்களிலும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை உண்டு.) சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டைச் சங்கிலியின் மீது ஊர்வதால் அது ஈர நிலத்தை அவ்வளவாக அமுக்கவில்லை, சில்லாக்காமல் விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரையிலான துண்டுகளாகக் கழியைத் தறித்துப் போட்டதால், துண்டுகளுக்கு நடுவே காற்று ஓடிக் குவியல் அதிகம் கொதிக்கவுமில்லை. டென்மார்க்கில் தோன்றிய ஸ்டெம்ஸ்டர் இன்னும் ஒரு படி மேலே சென்று, கழிகளை நறுக்காமலே முழு நீளத்தில் அறுத்துத் தன் முதுகின் மேல் அடுக்கிக்கொண்டு வயலின் ஓரத்தில் கொண்டுவந்து இறக்கியது. சுவீடனில் எம்பயர், ஃப்ரெப்பஸ்டா என்ற பெயர்களில் செய்யப்பட்டவையும் அந்த இனத்தவையே. வயல் ஓரத்தில் அடுக்கிய கழிகள் வேனிற்காலக் காற்றில் தாமாகவே உலர்ந்து, ஈரம் ஐம்பதிலிருந்து முப்பது சதவிகிதத்துக்கு இறங்கிவிடும், அழுகலும் சொற்பம். கனடாவில் லவால் பல்கலைக்கழகத்தாரின் ஆராய்ச்சியிலிருந்து வந்த பயோபேலர், வைக்கோல் சுருட்டும் இயந்திரத்தின் சகோதரனாக, கழிகளை வெட்டி நசுக்கி உருளைக் கட்டுகளாகச் சுருட்டி வயலிலே விட்டுச் சென்றது. பயிரிடாத புதர்க்காடுகளையுங்கூட அது அவ்வாறே சுருட்டியது என்பது அதற்குரிய தனிப் பெருமை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மரத்தின் சுபாவத்தை அறிந்து செய்யப்பட்டவை என்று சொல்லத் தகுந்தவை முழுக் கழியாக அறுக்கும் இயந்திரங்களே. பணம் செலவழிக்காமல் சூரியனும் காற்றும் செய்துகொடுக்கிற வேலையை அவை மதித்தன. அப்படியிருந்தும் வயல்களில் வென்றது ஜாகுவார்தான். அந்த வெற்றியின் மர்மம் வயலில் அகப்படாது, உலைக்களத்துக்குப் போய்த்தான் தேட வேண்டும்.

ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே மேலாரன் ஏரிக்கரையில் என்சேப்பிங் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே 1994-இல் எழுந்த நிலையத்தில் மரக்கழிவையும் சில்லையும் எரித்து, 24 மெகாவாட் மின்சாரமும், வீடுகளைச் சூடாக்கும் வெந்நீராக 55 மெகாவாட் உஷ்ணமும் எடுத்தார்கள். அந்த வெந்நீர் தரைக்கடியில் பதித்த குழாய்களின் வழியே நகரம் முழுவதும் ஓடிவிட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும்போது வண்டலிலிருந்து பிழியப்படும், தழைச்சத்து மிகுந்த கழிவுநீரைக் குளங்களில் தேக்கி வைத்து, வேனிற்காலத்தில் பக்கத்திலிருந்த சுமார் 75 ஹெக்டேர் வில்லோவுக்குச் சொட்டுக் குழாய்களால் பாய்ச்சினார்கள். நகரத்தார் கழித்தது விறகாகி, அந்த விறகு நகரத்தாருக்கே வெந்நீராக வந்தது. அந்தக் குழாய்களைப் பதித்ததிலும் அறுவடை இயந்திரத்தின் சக்கரத்துக்கு இடைஞ்சலில்லாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதிலிருந்து, அங்கே வயலும் உலையும் எவ்வளவு ஒன்றையொன்று அனுசரித்து நடந்தன என்பதை ஊகிக்கலாம். இத்தகைய நிலையங்கள் சுவீடனில் பல. அவற்றுக்குப் பசி அதிகமாக இருப்பது ஜனவரி பிப்ரவரியில். வில்லோ அறுவடையும் அப்போதே. சில்லு குவியலாகக் கிடந்து கொதிப்பதற்கு அவகாசமே இல்லாமல் வயலிலிருந்து நேரே உலைக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, பல நிலையங்களில் புகையைக் குளிரச் செய்து, அதிலுள்ள நீராவி மறுபடியும் நீராகும்போது விடும் உஷ்ணத்தையும் பிடித்து வெந்நீரில் சேர்த்துவிடுகிறார்கள். மரத்திலிருந்த நீர் எடுத்துக்கொண்டு போன உஷ்ணத்தில் பெரும்பகுதி இவ்வாறு திரும்ப வந்துவிடுமானால், கழியை வேனில் முழுவதும் உலர்த்தி, மறுபடியும் ஆளும் இயந்திரமும் வைத்து நறுக்கும் சிரமத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஈரச் சில்லைத் தின்னப் பழகிய உலை, ஈரச் சில்லைக் கக்கும் இயந்திரத்தைத் தனக்குத் துணையாகத் தேர்ந்துகொண்டது.

உலை வேறாக இருந்தால் கதையும் வேறாகும். இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்த எக்பரோவில் ஆர்ப்ரே என்ற பெயரில் ஒரு நிலையம் கட்டினார்கள். மரத்தை நேரே எரிக்காமல் வாயுவாக்கி, அந்த வாயுவினால் சுழலியை ஓட்டி மின்சாரம் எடுப்பது அதன் சித்தாந்தம். வாயுவாக்கும் கலத்துக்கு ஈரம் ஆகாது. சில்லை உலர்த்தியே ஊட்ட வேண்டும். அதை நம்பிச் சுற்று வட்டாரத்து விவசாயிகள் வில்லோ நட்டார்கள். நிலையமோ சரிவர ஓடத் தொடங்குவதற்கு முன்பே 2002-இல் மூடப்பட்டுப் போயிற்று. கோதுமையானால் வாங்குபவன் ஒருவன் போனால் இன்னொருவனிடம் விற்றுவிடலாம். வேரூன்றி இருபது வருஷம் நிற்கப்போகிற மரத்தை என்ன செய்வது? பிற்பாடு அவர்களில் சிலர் ஒன்று சேர்ந்து, அருகிலிருந்த டிராக்ஸ் மின்நிலையத்தில் நிலக்கரியோடு கலந்து எரிப்பதற்கு அந்த வில்லோவை விற்றார்கள். நிலக்கரியோடு சேர்த்து மாவாக அரைபட வேண்டிய மரம் அது என்பதால், அங்கே அதன் ஈரமும் பருமனும் புதியதொரு கணக்குக்கு உட்பட்டன.

சுவீடனிலும் வில்லோவின் நல்ல காலம் நீடிக்கவில்லை. 1995-இல் அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததை அடுத்து நடவுக்குக் கொடுத்த மானியம் குறைந்தது. தானிய விலையும் ஆசை காட்டியது. நடவு ஏறக்குறைய நின்றேவிட்டது. பரப்பு சுருங்கியபோது இயந்திரங்களும் சுருங்கின. சிதறிக் கிடக்கும் இரண்டு மூன்று ஹெக்டேர் வயல்களுக்காக ஒரு ஜாகுவாரை நூறு கிலோமீட்டர் ஓட்டிச் செல்ல யாரும் விரும்புவதில்லை. முறை வரும் வரையில் குடியானவன் காத்திருக்கிறான். அந்த வருஷம் குளிர் போதாமல் நிலம் உறையாமற் போனால் இன்னொரு வருஷமும் காத்திருக்கிறான். வில்லோ காத்திருப்பதில்லை. ஐந்தாம் ஆறாம் வருஷத்தில் அடி பருத்து, ரம்பத்துக்கும் உருளைக்கும் அடங்காத கட்டையாகிவிடும். இயந்திரக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். முற்றிப்போன அந்த வயல்களுக்கு, காட்டு மரத்தை ஒவ்வொன்றாகக் கட்டிப் பிடித்து அறுக்கும் நீண்ட கரமுள்ள இயந்திரங்களே வேண்டியிருக்கின்றன. வேண்டுமென்றே ஐந்தாறு வருஷம் முற்றவிட்டு, அத்தகைய இயந்திரங்களைக் கொண்டு பாப்ளர் மரத்தை அறுக்கும் வழக்கம் இத்தாலியின் போ நதிச் சமவெளியில் உண்டு. அடுத்த வாரம் அங்கே செல்வோம்.

(தொடரும்)