ஊதியமில்லாப் பயிற்சி: செலவை யார் பொறுப்பார்?

நம்மவர் கடல் கடந்து செல்லுதல் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர், புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றித் திங்கள்தோறும் வீட்டுக்குக் காசுக்கட்டளை அனுப்பினர். அக்காசினால் கல்வீடுகள் எழுந்தன, பாடசாலைகள் வளர்ந்தன, இளையோர் கற்றனர். இன்றோ வேறொரு வகைப் பயணம் நம் பல்கலைக்கழக மாணவரை அழைக்கின்றது. வீட்டிலிருந்து பணம் கொண்டுசென்று, பிறநாட்டு நிறுவனமொன்றில் ஊதியமின்றிச் சில மாதம் உழைத்து, அனுபவத்தையும் சான்றிதழையும் கொண்டு திரும்பும் பயணம் அது. உள்ளகப் பயிற்சி என அதனை வழங்குவர். அத்தகைய இடமொன்றை ஒரு மாணவருக்கு ஒழுங்கு செய்யும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூலி பெறாது தொழில் கற்பது இழிவன்று. குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியர்க்குப் பணிவிடை செய்தான், கூலி பெற்றானல்லன். ஆயினும் உண்ண உணவும் உறங்க இடமும் ஆசிரியர் இல்லத்தில் அவனுக்கு இருந்தன. தச்சுப் பட்டறையில் உளி பிடிக்கப் பழகும் சிறுவனுக்கும் மதியச் சோறு உண்டு. இன்றைய பயிற்சியிலோ கூலியோடு சோறும் உறைவிடமும் இல்லாது போயின. ஆதலின், இடந்தேடப் புகுவோர் முதலில் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: செலவை யார் பொறுப்பார்?

ஐக்கிய நாடுகள் சபையின் செயலகம் நடத்தும் பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நியூயோர்க், ஜெனீவா, வியன்னா, நைரோபி முதலிய நகரங்களிலுள்ள அதன் அலுவலகங்களில், முதற்பட்டப் படிப்பின் இறுதியாண்டிலுள்ளோரும் மேற்பட்டம் பயில்வோரும் 2 மாதம் முதல் 6 மாதம் வரை பயிலலாம். ஆங்கிலத்திலேனும் பிரெஞ்சு மொழியிலேனும் தேர்ச்சி வேண்டும். ஊதியம் கிடையாது. பயணம், வீசா, உறைவிடம், உணவு ஆகிய செலவெல்லாம் பயில்வோரையோ, அவரை ஆதரித்து அனுப்பும் நிறுவனத்தையோ சாரும் என்பது விதி. இவ்விதியின் பிற்பகுதியை வாசகர் நினைவில் இருத்துவாராக; அதற்கு மீண்டும் வருவோம்.

ஜெனீவா மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து, மணிக்கு 23 பிராங்கு என ஆகக்குறைந்த கூலியை நிறுவினர். அங்கு வாழ்க்கைச் செலவு எத்துணை உயர்ந்தது என்பதற்கு இஃதொன்றே சான்று. 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், அந்நகரிலே ஐக்கிய நாடுகள் சபையில் ஊதியமின்றிப் பயின்ற 22 வயதுடைய நியூசிலாந்து இளைஞரொருவர் ஏரிக்கரையிற் கூடாரமடித்துத் தங்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. இக்குறையைப் பிறர் அறியச் செய்தலும் தம் கருத்தாயிருந்ததெனப் பின்னர் அவரே கூறினார். செல்வ நாட்டு இளைஞர்க்கே இந்நிலையாயின், வெங்காயமும் புகையிலையும் விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கும் நம் பெற்றோர் என் செய்வர்? திறமை தெரிவு செய்யவேண்டிய இடத்திற் பணப்பை தெரிவு செய்துவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்தே, 2018ஆம் ஆண்டு மே மாதத்திற் கூடிய உலக சுகாதாரப் பேரவை, உலக சுகாதார ஸ்தாபனத்திற் பயில்வோர்க்கு 2020ஆம் ஆண்டுக்குள் உதவி வழங்கவேண்டுமெனத் தீர்மானித்தது. எனவே முதல் நெறி இது: உதவிப்பணம் அளிக்கும் இடங்களை முதலில் நாடுக; அவை வாய்க்காதவிடத்தே ஊதியமில்லா இடத்தைக் கருதுக.

இரண்டாவது நெறி, யாவற்றையும் எழுத்திற் பெறுதல். தாள்களைப் படியெடுக்கவும் தேநீர் பரிமாறவும் ஒருவரைக் கடல் கடந்து அனுப்புதல் அறிவுடைமையாகாது. பிரான்சு தேசத்தில் மாணவர், அவர்தம் கல்வி நிறுவனம், பயிற்சியளிக்கும் நிறுவனம் ஆகிய முத்திறத்தாரும் உடன்படிக்கையிற் கைச்சாத்திடுதல் வேண்டும். பயிற்சி இரண்டு மாதத்துக்கு மேற்படின் உதவிப்பணமும் கொடுத்தேயாகவேண்டும். ஐக்கிய அமெரிக்காவுக்கு ஜே-1 வீசாவில் இத்தகைய பயிற்சிக்குச் செல்வோர், பயிற்சியைப் பகுதி பகுதியாக விவரிக்கும் டீஎஸ்-7002 என்னும் படிவத்தை நிரப்பவேண்டும். எந்நாட்டுக்குச் செல்லினும் இம்முறை நமக்கு முன்மாதிரியாகும். தொடங்கும் நாளும் முடியும் நாளும், நாளொன்றுக்குரிய வேலைநேரம், செய்யவேண்டிய வேலை, மேற்பார்வை செய்பவரின் பதவி, இறுதியில் அளிக்கும் சான்றிதழ், நோயுற்றால் அறிவிக்க வேண்டியவர், இடையில் விலகும் முறை ஆகியவை அவ்வுடன்படிக்கையில் இடம்பெறல் வேண்டும். பல்கலைக்கழகத் துறைத்தலைவரின் கடிதத்தைப் பெறுவதோடு, பயிற்சிக்காலம் பரீட்சையோடு மோதாமையையும் மாணவர் உறுதிசெய்க.

மூன்றாவது, வீசா. ஊதியமில்லையாதலாற் சுற்றுலா வீசாவே போதும் என்று எண்ணுதல் பெரும்பிழை. ஊதியமில்லாப் பயிற்சியையும் வேலையாகவே கொள்ளும் நாடுகள் உள. சுவிற்சர்லாந்து உட்பட்ட ஷெங்கன் நாடுகளின் குறுங்கால வீசா, 180 நாட்களுள் 90 நாட்கள் தங்கவே இடந்தரும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் அதற்கு வேண்டும். அதனினும் நீண்ட காலத்துக்கு அவ்வந்நாட்டின் தேசிய வீசாவைப் பெறல் வேண்டும். செலவுக்குப் பணமுண்டு என்பதற்குச் சான்று கேட்பர். அழைப்புக் கடிதம் கிடைத்த அன்றே உரிய தூதரகத்தின் விதிகளை வாசிக்கத் தொடங்குக.

நான்காவது, எச்சரிக்கை. ஐக்கிய நாடுகள் சபை ஆட்சேர்ப்பின் எப்படியிலும் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லி எவரேனும் பணம் கேட்பின், அவர் வஞ்சகர் என்றறிக. வெளிநாட்டு வேலையென நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் சிலர், 2023, 2024ஆம் ஆண்டுகளில் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களிற் சிக்கித் துன்புற்றதை நாம் அறிவோம். அழைத்த நிறுவனத்தின் முகவரியையும் தொலைபேசியையும், அழைப்புக் கடிதத்திலிருந்தன்றி வேறு வழியால் அறிந்து விசாரித்தல் வேண்டும்.

ஐந்தாவது, கணக்கு. விமானச்சீட்டு, வீசாக் கட்டணம், காப்புறுதி, வாடகை, வாடகைக்கு முன் கட்டும் வைப்புப்பணம், உணவு, நகரப் போக்குவரத்து, குளிருடை என ஒவ்வொன்றையும் தனித்தனி எழுதி, எதிர்பாராச் செலவுக்கும் ஒரு பங்கு சேர்க்க. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 360 ரூபாவரை ஏறியதை மறத்தலாகாது. ரூபாவிற் போட்ட கணக்கு ஒரே பருவத்திற் பொய்த்துவிடக்கூடும்.

இவற்றையெல்லாம் இன்று நான் எழுதுதற்குக் காரணமொன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் பயின்று பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவர், ஜெனீவாவிலிருந்து வந்த அழைப்புக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். அவர் தந்தையார் தோட்டக் காணியை ஈடுவைக்க முனைந்தார். தங்கையர் இருவர் உளரென மகன் மறுத்தார். எனக்கும் வழியொன்றும் தோன்றவில்லை. வர இயலாதென அவர் மறுமொழி எழுதியபோது அருகிலிருந்தேன். ஓராண்டு கழிந்தபின், பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றிலே, அவ்வலுவலகத்திலிருந்து சிறிது தூரத்தில் நம் பழைய மாணவர் ஒருவர் வாழ்வதையும், அவர் வீட்டில் ஓர் அறை வெறுமனே கிடந்ததையும் அறிந்தேன். “சேர், ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார் அவர். அவரிற் குற்றமில்லை, அவரை எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நானே.

முன்னர்க் குறித்த விதியின் பிற்பகுதிக்கு இப்பொழுது வருவோம். ஆதரித்து அனுப்பும் நிறுவனமாக நம் பழைய மாணவர் சங்கம் ஏன் இருத்தலாகாது? 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் சுவிற்சர்லாந்து, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். சங்கம் செய்யக்கூடியவை மூன்று. வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரின் பெயர், நகர், தொழில் ஆகியவற்றை அவர்தம் இசைவோடு பதிந்த ஏடொன்றை வைத்திருத்தல் ஒன்று. பயணச் செலவைக் கடனாக வழங்கி, மாணவர் உழைக்கத் தொடங்கியபின் தவணையாகப் பெற்று, அடுத்தவர்க்கு வழங்கும் சுழல்நிதியொன்றை நிறுவுதல் மற்றொன்று. சென்று திரும்பியவர் தாம் கற்றதை உயர்தர வகுப்பு மாணவர்க்கு எடுத்துரைக்க ஒழுங்கு செய்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், அதனைப் பேணும் ஒருவருமே போதும்.

மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளையாற் கற்றோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்முள் பலர். அக்கடனைத் தீர்க்கும் வழி இன்று எளிது. ஜெனீவாவிலோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர், தம் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் இடமுண்டாயின், அச்செய்தியைச் சங்கச் செயலாளருக்கு ஒரு வரியில் எழுதியனுப்புவாராக. அடுத்த அழைப்புக் கடிதம் என் மேசைக்கு வரும்போது, நான் அக்கொப்பியைத் திறந்து பார்ப்பேன்.