சுற்றும் கடதாசிக்குக் காசு இல்லையா? கௌரவமாகக் கொடுக்க வழி உண்டு

பள்ளிவாசல்துறைப் பக்கமாக ஒரு மாலை வீடு வீடாகச் சென்று வந்தபோது, ஒரு தாய் நல்ல சீலை உடுத்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டோம். இரண்டு ஒழுங்கை தள்ளிக் கலியாண வீடு. ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "போகவில்லையா?" என்று கேட்டோம்.

"சாமான் நேத்தே வாங்கிப்போட்டன் பாதர். சுத்துற பேப்பருக்குத்தான் காசு காணாம இருக்கு. வெறுங்கையோட போனாலும் போகலாம், சொப்பிங் பேக்கில போட்டுக்கொண்டு போய் எப்படி நிக்கிறது?" என்றார்.

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். ஆறு கோப்பை வாங்கக் காசிருந்தவருக்கு ஒரு தாள் கடதாசி பெரிதா என்று கேட்கக்கூடும். நாம் சிரிக்கவில்லை. அந்தத் தாய் ஓர் உண்மையைச் சொன்னார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் தூக்கக்கூடியது மாத்திரமே அவர்களுடன் வந்தது. போர்க் காலத்தில் வேறு பல குடும்பங்களும் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தன. வயலும் தோட்டமும் வைத்து நாலு பேருக்கு அள்ளிக் கொடுத்துப் பழகிய கைகள், வரிசையில் நின்று அரிசியும் பருப்பும் வாங்கின. அந்த நிவாரணத்தை யாரும் அழகாகச் சுற்றித் தரவில்லை. சாக்கிலிருந்து அள்ளி, அளந்து, பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

ஆகவே ஒரு பொருளைச் சுற்றிக் கொடுப்பது வீண் ஆடம்பரம் மட்டுமல்ல. "இது நிவாரணம் அல்ல, உனக்காக நான் நினைத்து எடுத்து வந்தது" என்று அது சொல்கிறது. அந்தக் கௌரவத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. அதற்காகக் கடையில் காசைக் கொட்ட வேண்டியதும் இல்லை. எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முன்னர் எப்படிக் கொடுத்தோம்?

எமது பாட்டன் பாட்டிமார் காலத்தில் பரிசுக் கடதாசி என்று ஒன்று இருக்கவில்லை. ஆனாலும் யாரும் பொருளை மொட்டையாகக் கொண்டுபோய் நீட்டவில்லை. பனங்கட்டி, பனையோலையால் இழைத்த குட்டானுக்குள் இருந்தது. வெற்றிலையும் சில்லறையும் கொட்டப்பெட்டிக்குள் இருந்தன. பலகாரம் ஓலைப்பெட்டியில் அல்லது தட்டத்தில் வைக்கப்பட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி மூடிச் சென்றது. பெட்டியும் துணியும் திரும்பி வரும்போது வெறுமையாக வராது. அந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று அதனுள் இருக்கும். கடைக்காரர்கூடச் சீனியைப் பழைய கடதாசியில் சரை சுற்றித்தான் தந்தார்.

இன்று நாம் காணும் பூப்போட்ட கடதாசி வியாபாரத்தால் வந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 1917ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் ஹோல் சகோதரர்களின் கடையில் பரிசு சுற்றும் மெல்லிய தாள் தீர்ந்துவிட்டது. கடித உறையின் உட்பக்கத்துக்கு ஒட்டுவதற்காக வைத்திருந்த பூ வேலைக் கடதாசியை எடுத்து விற்றார்கள். உடனே விற்றுத் தீர்ந்தது. பின்னர் அவர்கள் அதையே தனித் தொழிலாக்கினார்கள். ஹோல்மார்க் என்று உலகெங்கும் அறியப்படும் நிறுவனம் இவர்களுடையதுதான். அதாவது, கையில் கிடந்த வேறொரு பொருளைப் பயன்படுத்தியதிலிருந்தே இந்த வழக்கமும் தொடங்கியது.

யப்பானியரிடம் 'புரோசிகி' என்ற சதுரத் துணி உண்டு. அதில் பொருளைக் கட்டிக் கொடுப்பது அவர்களது பழைய வழக்கம். பிளாஸ்டிக் பைகள் பெருகியபோது அது மங்கியது. 2006ஆம் ஆண்டில் அந்நாட்டின் சுற்றாடல் அமைச்சர், பைகளைக் குறைப்பதற்காக இத்துணியை மீண்டும் பாவிக்கும்படி மக்களைத் தூண்டினார். கொரியரிடமும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் 'பொஜாகி' உண்டு. எமது மூட்டையும் பொட்டணமும் இவற்றின் உறவினர்தான்.

பளபளப்பின் மறுபக்கம்

கடையில் விற்கும் தாள்கள் எல்லாம் கடதாசி அல்ல. சில முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக். சில, கடதாசியின் மேல் பிளாஸ்டிக் அல்லது உலோகப் பூச்சு ஏற்றியவை. இவற்றை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. தாளைக் கைக்குள் நன்றாகக் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் பெரும்பாலும் கடதாசி. தானாக விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். கடதாசி மண்ணில் உக்கும், மீள்சுழற்சிக்கும் போகும். பிளாஸ்டிக் கலந்தது இரண்டுக்கும் உதவாது.

அப்படியானால் அது எங்கே போகிறது? ஒரு மணித்தியாலம் பரிசைச் சுற்றியிருந்த தாள் கிணற்றடியில் கிடக்கும். காற்றில் பறந்து களப்புக்குள் போகும். மாடு தின்றால் அது செரிக்காமல் வயிற்றில் தங்கித் தீனியை அடைக்கும். கற்பிட்டி, மன்னார் வீதிகளில் குப்பை மேயும் கழுதைகளுக்கும் இதே கதிதான். எரிக்கலாம் என்றால், அந்தப் புகை அடுப்படியில் நிற்கும் தாயின் நெஞ்சுக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் போகிறது. எனவே பளபளப்பான தாளை அடுப்பு மூட்டவும் பாவிக்கக் கூடாது.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, சோறு சுற்றும் பொலித்தீன் தாளுக்கும், விழா அலங்காரத்துக்குப் பொலித்தீன் பாவிப்பதற்கும், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதற்கும் அரசு தடை கொண்டுவந்தது. பின்னர் கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்தின் அறுவைக்காட்டில் கொட்டும் திட்டம் வந்தபோது, 2018இலும் 2019இலும் எமது மாவட்ட மக்கள் வீதியில் இறங்கினார்கள். பிறர் குப்பை இங்கே வரக்கூடாது என்று சொல்லும் நாம், எமது வளவுக் குப்பையைப் பற்றியும் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச்சில் நாட்டில் டொலர் இல்லாமற்போய்க் கடதாசி தட்டுப்பட்டபோது, மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பிள்ளை பரீட்சை எழுதத் தாள் இல்லாமற்போகக்கூடிய ஒரு நாட்டில், ஒரே தடவை கிழித்து எறிவதற்காகக் கடதாசி வாங்குவது எவ்வளவு சரி?

வந்த கடதாசியைக் காப்பாற்றுவோம்

பரிசைப் பிரிக்கும்போதே சேமிப்புத் தொடங்குகிறது. பிள்ளைகள் இழுத்துக் கிழிக்க ஆசைப்படுவார்கள். ஒரு பழைய பிளேட்டை வைத்து ஒட்டிய நாடாவை மட்டும் வெட்டும் வேலையைப் பெரியவர் ஒருவர் செய்யலாம். பிறகு பின்வருமாறு செய்யுங்கள்:

1. நாடா ஒட்டிய ஓரங்களைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி விடுங்கள். நாடாவை உரித்தால் பூவும் சேர்ந்து உரியும்.

2. கசங்கிய தாளை மறுபக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி விரித்து, இளஞ்சூட்டில் அயன் பண்ணுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். பிளாஸ்டிக் தாளை அயன் பண்ணினால் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். அதை மெத்தைக்கடியில் இரண்டு நாள் வைத்தாலே போதும்.

3. மடித்து வைத்தால் மடிப்புத் தெரியும். ஒரு தடியில் அல்லது சுருட்டிய மட்டையில் சுற்றி, நூலால் தளர்வாகக் கட்டுங்கள்.

4. கறையானும் ஈரமும் எட்டாதபடி உயரத்தில் கட்டித் தொங்க விடுங்கள். இடையில் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் வைப்பது நல்லது.

5. சிறு துண்டுகளையும் எறியாதீர்கள். அவை பெயர் எழுதும் அட்டைக்கும், காசு வைத்துக் கொடுக்கும் உறைக்கும் உதவும்.

அடுத்த முறை ஒட்டும்போது நாடாவைக் குறைத்து நூலால் அல்லது வாழைநாரால் கட்டினால், அந்தத் தாள் மூன்றாம் முறைக்கும் வரும். ஒட்டத்தான் வேண்டுமென்றால், கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். மிஞ்சியது புளித்துப் பூச்சியை அழைக்கும்.

அளந்து வெட்டினால் மிச்சம்

கடதாசி அதிகம் வீணாவது கண் அளவில் வெட்டுவதால்தான். ஒரு நூல் எடுத்துப் பெட்டியின் குறுக்கே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதனுடன் ஓர் அங்குலம் கூட்டினால் அது தாளின் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்துடன் அதன் உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் அது மறுபக்கம். உதாரணமாக, 12 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 3 அங்குல உயரமுள்ள பெட்டிக்கு 23 அங்குலத்துக்கு 16½ அங்குலத் தாள் போதும்.

பெட்டி சதுரமானால் இன்னும் மிச்சம் பிடிக்கலாம். சதுரத் தாளின் நடுவில் பெட்டியை மூலைவாட்டில் வைத்து, நான்கு மூலைகளையும் கடித உறைபோல் மேலே மடியுங்கள். பெட்டியின் மூலைக்கு மூலை அளவுடன் உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் தாளின் பக்க அளவு வரும். 6 அங்குலச் சதுரமும் 2 அங்குல உயரமுமான பெட்டிக்கு 11½ அங்குலத் தாள் போதும். நான்கு மூலையும் நடுவில் சந்திப்பதால் ஒரே இடத்தில் ஒட்டினால் சரி.

வாங்காமலே கிடைப்பவை

கடந்த ஆண்டுக் கலண்டர்த் தாள் தடிப்பானது, பின்பக்கம் வெள்ளை. கடையில் சாமான் கட்டித் தரும் மண்ணிறக் கடதாசியும் நல்லது. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, துணிக்குப் போடும் நீலத்தில் அல்லது மஞ்சள் கரைசலில் தொட்டு, அதன்மேல் ஒற்றச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பூப்பூவாக விழும். தின்பண்டத்தை மட்டும் அச்சுமை படிந்த பத்திரிகைத் தாளில் நேரே வைக்க வேண்டாம். வாழையிலை அல்லது சுத்தமான வெள்ளைத் தாள் இடையில் இருக்கட்டும். உரப் பையையும் கிருமிநாசினி வந்த பெட்டியையும் எவ்வளவு கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது.

துணியில் கட்டுவதானால், சதுரத் துணியை விரித்துப் பொருளை நடுவில் வையுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே கொண்டுவந்து முடியுங்கள். மற்ற இரண்டையும் அதன் மேல் முடிந்தால் பிடிக்கக் கைபிடியும் வந்துவிடும். அந்தத் துணியே பரிசின் ஒரு பகுதியாக இருக்கலாம். பாத்திரத்தைத் துவாயிலும், பிள்ளையின் விளையாட்டுப் பொருளைக் கைலேஞ்சியிலும், விதைப் பொட்டலங்களைப் புதுச் சுளகிலும் வைத்துக் கொடுத்தால் எறிவதற்கு எதுவுமே மிஞ்சாது.

எல்லாவற்றிலும் சிறந்தது பனையோலை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி வார்ந்து, சற்று நனைத்துப் பதமாக்கி இழைத்தால் மூடியுள்ள சிறு பெட்டி கிடைக்கும். மன்னாரிலிருந்து வந்த மூத்த பெண்கள் பலரின் விரல்களில் இந்தக் கைப்பணி இன்னும் இருக்கிறது. வீட்டை விட்டு வரும்போது கையில் தூக்காமலே கொண்டுவந்த சொத்து அது. அவர்களிடம் பேத்திமார் கற்றுக்கொள்ளாவிட்டால் அது அவர்களோடு போய்விடும். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இத்தகைய பொருட்களின் உற்பத்தியை ஊக்குவித்து வருகிறது. எனவே இது வீட்டுச் சிக்கனமாக மட்டுமன்றிச் சிறு வருமானமாகவும் வளர இடமுண்டு. விற்கும்போது ஓலையின் விலையை மட்டும் பாராமல், இழைத்த நேரத்துக்கும் கூலி போட்டு விலை சொல்லுங்கள்.

ஒன்றாகச் செய்வோம்

தனியொரு வீடு பழைய தாளில் சுற்றினால், "கஞ்சத்தனம்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வரும். பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் அதுவே ஊர் வழக்கம். ஆகவே மாதர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஒரு பெட்டகத்தில் அயன் பண்ணிய தாள்கள், துணிகள், நாடாக்கள், ஓலைப்பெட்டிகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கட்டும். கலியாணத்துக்கோ பெருநாளுக்கோ நத்தாருக்கோ போகிறவர் எடுத்துச் செல்லட்டும். ஒன்று எடுத்தவர் பின்னர் ஒன்று கொண்டுவந்து வைக்கட்டும். கணக்குக் கொப்பி தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன தாய்க்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு மூடிப் பெட்டியைத் தட்டி எடுத்து வந்தார். கோப்பைகள் ஆறும் அதற்குள் அடங்கின. மேலே ஒரு பூச்சீத்தைத் துண்டைக் கட்டினார்கள். அந்தத் தாய் கலியாண வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் கழித்து மணமகளின் தாயார் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதனுள் பலகாரம் இருந்தது.