லேபிள் இல்லாத கேசட்டின் தேதி

தொலைக்காட்சியில் ஒரே ஒரு முறை ஒளிபரப்பான ஆவணப்படம் நாற்பது ஆண்டு கழித்துக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அது எதில் பதிவானது என்பதைப் பொறுத்தது. பிலிமில் எடுத்தவை பெரும்பாலும் பிழைத்தன. ஒரு முறை படம் பதிந்த பிலிமால் வேறு பயன் கிடையாது என்பதால் அலமாரியில் வைத்தது வைத்தபடியே கிடந்தது. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1968ல் இந்தியாவைச் சுற்றி எடுத்த ‘ஃபேன்டம் இந்தியா’ ஏழு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர். மயிலாப்பூர்த் தேரும் கலாக்ஷேத்ராவின் நடன வகுப்பும் அதில் உண்டு. 1970ல் அதை ஒளிபரப்பியதற்காக பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே இந்திய அரசு மூடச் செய்தது. அவ்வளவு எதிர்ப்புக்கு ஆளான படம் இன்று டிவிடியாகக் கிடைக்கிறது. யாரையும் கோபப்படுத்தாத எத்தனையோ படங்கள் சத்தமில்லாமல் மறைந்துபோயின.

அவை மறைந்ததற்குக் காரணம் வீடியோ டேப். 1956ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த டேப் இரண்டு அங்குல அகலம். விலையோ எட்டாத உயரம். அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்பதே அதன் சிறப்பு. கணக்குப் பார்ப்பவர்கள் அந்தச் சிறப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிபிசியில் வீடியோ டேப்புகளை முறையாகக் காக்கும் ஏற்பாடு 1978 வாக்கில்தான் வந்தது. அதற்குள், 1969ல் மனிதன் நிலவில் இறங்கிய இரவு அதன் அரங்கிலிருந்து நேரலையாகப் போன நிகழ்ச்சியில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. நாசாவின் கதையும் இதுதான். நிலவிலிருந்து வந்த படத்தின் மூலப் பதிவு இருந்த டேப்புகள் பின்னாளில் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் போயிருக்க வேண்டும் என்று 2009ல் நாசாவே ஒப்புக்கொண்டது. இன்று பார்க்கும் துலக்கிய காட்சிகள், தொலைக்காட்சி நிறுவனங்களிடம் மிஞ்சியிருந்த ஒளிபரப்பு நகல்களிலிருந்து உருவானவை.

தேடுபவருக்கு முதலில் வேண்டியது படத்தின் பெயர். நினைவில் இருப்பதோ ஒரு காட்சியும் ஒரு குரலும்தான். குரலை நம்பினால் ஏமாற்றம்தான் மிச்சம்: பிபிசியின் ‘ஹொரைசன்’ தொடரில் வந்த படங்கள் பல, அமெரிக்காவில் ‘நோவா’ தொடரில் வேறு வர்ணனைக் குரலோடு, சில வேளை வேறு தலைப்போடு வந்தன. ஆண்டும் நினைவில் முன்பின்னாகிவிடும். 1923 முதல் 2009 வரை ‘ரேடியோ டைம்ஸ்’ இதழில் வந்த பிபிசி நிகழ்ச்சிப் பட்டியல்களை 2014ல் அந்த நிறுவனம் இணையத்தில் இட்டது பெரிய உபகாரம். ஆனால் அது என்ன ஒளிபரப்பத் திட்டமிட்டார்கள் என்பதைத்தான் சொல்லும். கடைசி நேர மாற்றங்கள் அதில் ஏறாது. பெயர் தெரிந்து, காப்பகத்தில் பிரதி இருப்பதும் உறுதியான பிறகும், பின்னணி இசைக்கும் இரவல் காட்சிகளுக்கும் வாங்கிய உரிமை காலாவதியானதால் வெளியிட முடியாமல் உறங்கும் படங்களும் உண்டு.

அப்போது மிஞ்சுவது யாரோ வீட்டில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட். அதன் முதுகில் பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது. இங்கேதான் இந்தத் தேடலின் விசித்திரமான பகுதி வருகிறது.

பிரிட்டன் பயன்படுத்திய ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படச்சட்டத்துக்கு 625 வரிகள். அவற்றில் திரையில் தெரிவது 576. மறைந்திருந்த வரிகள் சிலவற்றில் பிபிசி 1974 முதல் ‘சீஃபாக்ஸ்’ என்ற டெலிடெக்ஸ்ட் சேவையைச் செலுத்தியது: செய்தி, வானிலை, கிரிக்கெட் ஸ்கோர் என்று எழுத்துப் பக்கங்கள். டெக்கில் நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர்கள் தமக்கே தெரியாமல் அந்த வரிகளையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். ஆனால் கேசட்டை ஓட்டினால் டிவியால் அவற்றைப் படிக்க முடியாது. டெலிடெக்ஸ்ட் நொடிக்கு ஏறத்தாழ 69 லட்சம் பிட் வேகத்தில் வரும். அவ்வளவு நுணுக்கத்தை விஎச்எஸ் தாங்காது. ஒரு பிட் அடுத்ததோடு கலந்து மங்கிவிடும்.

ஆனாலும் அதே பக்கங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. திருவிழா ஒலிபெருக்கியில் காற்றோடு வரும் அறிவிப்பு முதல் தடவை புரியாவிட்டாலும், பத்துத் தடவை காதில் விழுந்தால் விட்டுப்போன சொற்கள் கூடிவிடுமல்லவா? ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் செய்வதும் அதுவே. மங்கிய அலையைத் தெரிந்த வடிவங்களோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. ஒரே வரியின் பல நகல்களை ஒன்றோடொன்று சரிபார்க்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைவரியிலும் சேவையின் பெயர், பக்க எண், கிழமை, தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம் உண்டு. ஆண்டு மட்டும் இருக்காது. கிழமையும் தேதியும் பொருந்தும் ஆண்டுகளை நாட்காட்டியில் பிடித்து, பக்கத்தில் உள்ள செய்தியை வைத்து ஒன்றைத் தேர்ந்தால், லேபிள் இல்லாத கேசட்டின் ஒளிபரப்பு நேரம் நொடிச் சுத்தமாகக் கிடைக்கிறது. பட்டியலைப் புரட்டினால் தலைப்பும் வந்துவிடும். நகலின் நகலாக இருந்தால் மட்டும் இந்த வித்தை அரிதாகவே பலிக்கும்.

நிறுவனங்கள் கைவிட்டதைத் தனிமனிதர்கள் காத்த கதைகளில் மேரியன் ஸ்டோக்ஸின் கதை தனி. நூலகராக இருந்த அந்த பிலடெல்பியாப் பெண்மணி, 2012ல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி அலைவரிசைகளை இரவு பகலாகப் பதிவு செய்தார். சேர்ந்தவை சுமார் 70,000 கேசட்டுகள். அவை இன்று இன்டர்நெட் ஆர்கைவ் வசம் உள்ளன.

தூர்தர்ஷனிலும் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. 1975ல் தொடங்கிய சென்னை நிலையத்தின் ‘வயலும் வாழ்வும்’ அன்று பலருக்குக் கேலிப்பொருள். டெக் இருந்த வீடுகளில் சினிமாவும் கிரிக்கெட்டும்தான் பதிவாகின. அன்றைய விதையையும் கருவியையும் விவசாயியின் பேச்சையும் இன்று ஒருவர் பார்க்க விரும்பினால், அந்தக் கேலிப்பொருளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

ஃபுனாய் நிறுவனம் 2016ல் உற்பத்தியை நிறுத்தியதோடு புதிய விஎச்எஸ் டெக் வருவது நின்றுவிட்டது. பரணில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதுகுப்பக்கத்துச் சிறு பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் தவறியும் மேலே பதியாது. கேசட்டின் சன்னல் வழியே டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது; சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நகலெடுத்த பிறகும் மூலக் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். மறைந்த வரிகள் அதில்தான் இருக்கின்றன.